பிச்சிக் குப்பிகளுக்கு ஒரு ஜெபம்

அன்று எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு உரக்க ஆரம்பித்தாள்: "ஆண்டவரே, என் பிள்ளையின் குப்பிகளில் ஒரு நோயும் அண்டாதபடி காத்துக்கொள்ளும்." சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஆமென் என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குப்பிகளில் நோய் வராவிட்டால் என் முனைவர் பட்டம் அம்போதான்.

என் ஆராய்ச்சி பிச்சிச் செடியில் வரும் துரு நோயைப் பற்றியது. இலையில் ஆரஞ்சுப் பொடியாகப் படியும் அந்தப் பூசணம் சரியான பிகு பிடித்தது. உயிருள்ள செடியில்தான் வளரும், செத்த இலையைத் தொடக்கூடத் தொடாது. அதனால் பிச்சியின் திசுவைக் கண்ணாடிக் குப்பிக்குள் உயிரோடு வளர்த்து, அதன்மேல் பொடியைத் தூவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை ஒரு தடவைகூட ஒட்டியதில்லை. யாரும் அழைக்காத கறுப்புப் பூசணம்தான் வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போகும்.

அந்தப் பொடிக்காகவே அப்பாவிடம் கெஞ்சி, எங்கள் பிச்சித் தோட்டத்தில் ஒரு வரிசைக்கு மட்டும் மருந்தடிக்காமல் விடச் சொல்லியிருந்தேன். கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் அதற்கும் அடித்துவிட்டார். கேட்டால், "பாக்க சகிக்கல மக்கா" என்கிறார். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டு போய்க் கொட்ட? ஆக, கடைசியாகத் தூவிய குப்பிகள்தான் மிச்சம். இதுவும் ஒட்டாவிட்டால் வேறு தலைப்பு பார்த்துக்கொள் என்று பேராசிரியரும் சொல்லிவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் அம்மாவிடம் போனேன்.

"அம்மா, நோய் வரணும்னு ஜெபிக்கணும்."

"ஒனக்கென்ன கிறுக்கா ஏட்டி? அப்பிடி எப்பிடி ஜெபம் பண்ணுவேன்? ஆண்டவர் என்ன நினைப்பாரு?"

"அப்பொ நோய் வரப்பிடாதுன்னாவது கேக்காத."

அம்மா காப்பித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் ஆரஞ்சுப் புள்ளிகள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். துருவேதான், புதிதாக வளர்ந்தது. மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சாயங்காலம் வடசேரி பேருந்து நிலையத்தில் நின்றபடி வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, நோய் வந்துட்டு!"

"ஸ்தோத்திரம்!" என்று கத்தினாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நான்தான் கேட்டேன் மக்கா. கூட்டத்துல இல்ல, அடுக்களைல வச்சு. அப்பாகிட்ட சொல்லிராத, என்னா?"