ஆளுக்கொரு கதிரை

கொட்டாஞ்சேனைக் கோயில் ஹோலைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதன் ஒழுகும் கூரையல்ல. நான் தட்டச்சு செய்த ஒரு படிவம்தான். கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் அப்போது நான் தட்டெழுத்தாளர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டென்சில் வெட்டி, ரோனியோ மெசினில் கட்டுக்கட்டாகப் பிரதி எடுத்து, மை காயுமுன்பே பையில் வைத்துக் கொண்டுவந்தேன். குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், வீட்டில் வசிப்போர் எத்தனை பேர், அவர்களுக்கும் தலைவருக்கும் என்ன உறவு. கோடுகள் நேராக, எழுத்துகள் எடுப்பாக. பார்க்கப் பார்க்க எனக்கு என்மேலேயே ஒரு மதிப்பு வந்துவிட்டது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

படிவம் கேட்டவர் என் மச்சாள், அதாவது கணவரின் மூத்த சகோதரி. ஹோல் கமிட்டியின் செக்ரட்டரி. ஆள் கட்டை, குரல் நெட்டை. அவர் சந்தியில் நின்று யாரையாவது கூப்பிட்டால் துறைமுகத்தில் கப்பல்காரன் திரும்பிப் பார்ப்பான் என்று என் கணவர் கேலி செய்வார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அவரைக் கண்டால் பயம். ஆறு மாதம் கழித்து, அவர் இல்லாமல் ஒரு பின்னேரம் போகாது.

ஹோல் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குச் சொந்தம் என்றாலும் நாங்கள் குடியிருந்த குறுகிய ஒழுங்கை முழுவதற்கும் அதுதான் வரவேற்பறை. பத்தடி அறையில் குடியிருப்பவர்கள் கலியாணத்தை எங்கே வைப்பார்கள்? சைவர்களின் சடங்கும் அங்கேதான், எங்கள் பிள்ளைகளின் முதல் நன்மை விருந்தும் அங்கேதான். ஆனால் கூரை வளைகளைக் கறையான் தின்றுவிட்டது. மழை பெய்தால் மணமகளுக்கு மேலே ஒருவர் குடை பிடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு பெரிய பாதர் கடிதம் போட்டார். காணியைச் சரக்குக் களஞ்சியத்துக்கு ஒரு வியாபாரி குத்தகைக்குக் கேட்கிறார். பயன்படுத்த ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்டினால் புது ஹோல் கட்டலாம், இல்லாவிட்டால் இடித்துக் கொடுத்துவிடலாம். மூன்று வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாக எழுதியிருந்தார்.

கடிதத்தை வாசித்த அன்று மச்சாள் சோறு சாப்பிடவில்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தபோது, உடுத்த உடுப்போடு இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அவர் ஓடிவந்து நின்றது அந்த ஹோலில்தான். மேடைக்குப் பக்கத்து மூலையில் பாய் விரித்து மூன்று கிழமை படுத்திருந்தார். "என்ர தகப்பன் வீட்டிலகூட நான் அவ்வளவு நிம்மதியா நித்திரை கொள்ளேல்லை" என்பார். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

பெரிய பாதருக்கு ஆட்கணக்குக் காட்ட, என் படிவங்களோடு இருவரும் வீடுவீடாக ஏறி இறங்கினோம். கதவைத் தட்டினால் முதலில் உள்ளே வானொலி நிற்கும். பிறகு செருப்புச் சத்தம், பிறகு அமைதி. கதவு ஒரு சாண் திறக்கும். படிவத்தைக் கண்டதும் முகம் மாறிவிடும். "நாங்கள் பதிஞ்சிட்டம்" என்று ஒரு மாமி பொலிஸ் துண்டையே கொண்டுவந்து நீட்டினார். வீட்டில் தானும் கணவரும் மட்டும்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குளியலறையில் யாரோ தும்மினார்கள். "பூனை" என்றார் மாமி. மச்சாளும் சளைக்காமல், "பூனைக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ" என்றார். சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடும் மாஸ்டர் வீட்டு வாசலில் எட்டுச் சோடி செருப்புக் கிடந்தது. மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஒன்பது வருடமாக அங்கே இருப்பவர். "நானும் பொஞ்சாதியும் மட்டுந்தாங்க. இப்பதான் தோட்டத்துல இருந்து வந்தோம். திரும்பிப் போயிருவோங்க" என்று வியர்க்க வியர்க்கச் சொன்னார். மூத்த மகளின் சடங்கை எங்கள் ஹோலில் நடத்தி, எனக்கே பலகாரம் தந்த மனிதர்! மச்சாள் "இரண்டு" என்று எழுதினார்.

இரண்டு கிழமை கழித்து எல்லாவற்றையும் எங்கள் பங்குப் பாதரிடம் கொண்டுபோனோம். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். வயிறு குலுங்கத் தொடங்கியது. "செக்ரட்டரி, உங்கட கணக்குப்படி இந்தப் பக்கத்தில ஆக்களே இல்லை. அப்ப ஞாயிற்றுக்கிழமையில நான் ஆருக்குப் பூசை வைக்கிறன்?" மச்சாள் படிவத்தைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இதை எதைப் பார்த்து அடிச்சனீர்?"

எதைப் பார்த்து? எங்கள் வீட்டு அலுமாரியில் மேல் தட்டில் எப்போதும் கையெட்டும் இடத்தில் இருந்த தாளைப் பார்த்துத்தான். சண்டைக் காலத்தில் தமிழர்கள் வீட்டு ஆட்களைப் பொலிஸில் பதியும் படிவத்தின் பிரதி; அதில் இல்லாதவர் சோதனையில் அகப்பட்டால் கூட்டிப்போய்விடுவார்கள். அந்தக் காலத்தில் வேறு எந்தப் படிவம் எங்களுக்குத் தெரியும்? இரவில் வீடு சோதிக்க வருபவர்கள் கேட்கும் அதே கேள்விகளை, அதே ஒழுங்கில், கோயில் பெயரில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். விருந்தாளியை, வேலை தேடி வந்த மருமகனை, வெளிநாடு போகக் காத்திருக்கும் பெண்ணை எந்தப் பைத்தியம் அதில் எழுதும்? எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. மச்சாள் என்னைப் பார்த்தார், பாதரைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்தபோது அது சிரிப்புக் கண்ணீர் மட்டுமல்ல என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய பாதர் வர ஆறு நாள்தான் இருந்தது.

"செத்த வீட்டுக்குக் கதிரை அனுப்பேக்க ஆராவது பேர் கேட்டவையே?" என்றார் மச்சாள் திடீரென்று. எங்கள் ஒழுங்கையில் அப்படித்தான். ஒரு வீட்டில் இழவு என்றால் யாரும் கேட்காமலே வீட்டுக்கு வீடு உட்காரக் கதிரை வந்து சேரும். படிவங்கள் அன்றே பாதர் வீட்டு அடுப்புக்குப் போயின. மறுநாள் பேனைகூட இல்லாமல் வெறுங்கையோடு போனோம். எல்லா வாசலிலும் மச்சாள் சொன்னது ஒன்றுதான். "ஹோலைப் பிடுங்கப் பார்க்கினம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆளுக்கொரு கதிரையோட வாங்கோ. பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம்."

ஞாயிறு காலை பத்தாகியும் ஹோல் முற்றத்தில் காகம்தான் நின்றது. பெரிய பாதர் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். நானும் மச்சாளும் சந்திக்கு ஓடினோம். அங்கே காவலரணில் ஆமிக்காரன் ஒருவன் ஊர்வலத்தையே மறித்து வைத்திருந்தான். தலையில் கதிரை, தோளில் நீள வாங்கு, இடுப்பில் முக்காலி. "கொஹேத யன்னே?" எங்கே போகிறீர்கள் என்று அவன் கேட்க, முன்னால் நின்றவர்கள் பொலிஸ் துண்டைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார்கள். பின்னால் இருந்த சிலர் கதிரையோடு திரும்பத் தொடங்கினார்கள். ஒருவர் திரும்பினால் போதும், எல்லோரும் திரும்பிவிடுவார்கள். மச்சாளின் அந்தக் குரல், வாழ்க்கையில் முதல் தடவையாக, வரவில்லை.

அப்போது ரொட்டி மாஸ்டர் தலையிலிருந்த முக்காலியை இறக்கி வைத்தார். கோயிலுக்குப் போகிறோம், எங்கள் ஹோலுக்காக என்று சிங்களத்தில் சொன்னார். உன் வீட்டில் எத்தனை பேர் என்று அவன் கேட்டான். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். மனைவி, தாய், தம்பி, நான்கு பிள்ளைகள், ஆளாளுக்கு ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். "அட்டதெனெக், சேர்" என்றார். எட்டுப் பேர். எங்களிடம் இரண்டு என்ற மனிதர்! அடையாள அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கதிரைகளைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்து, களைத்துப்போய் ஆமிக்காரன் கையசைத்தான். தும்மல் மாமி தன் பூனையோடு போனார். ஆறடிப் பூனை, கண்ணாடி போட்டிருந்தது.

முற்றம் நிறைந்து, படி நிறைந்து, ஒழுங்கையில் ஓட்டோ போக வழியில்லாமல் கதிரை. எல்லோரும் தமக்குத்தான் கொண்டுவந்திருந்தார்கள். பெரிய பாதருக்கு உட்கார ஒன்றுமில்லை. மச்சாள் தன் கதிரையைக் கொடுத்துவிட்டு நின்றார். இவ்வளவு பேரும் யார் என்று பெரிய பாதர் கேட்டார். "அதை மட்டும் கேளாதேங்கோ பாதர், எழும்பி ஓடிடுவினம்" என்றார் மச்சாள். பெரிய பாதர் சிரித்த சிரிப்பிலேயே எங்களுக்கு ஹோல் கிடைத்துவிட்டது.

பழையதை இடிக்க வந்த அன்று மச்சாள் மேடைக்குப் பக்கத்து மூலையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். சம்மட்டியோடு நின்ற மேசன் பாஸிடம், "சரி, இனி இடியுங்கோ. புதுசை இன்னும் பெரிசாக் கட்டுங்கோ. இன்னொருக்கா நாங்கள் எல்லாரும் ஓடிவந்தா, பாய் விரிக்க இடம் காணாது" என்றார். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். நான் அங்கேயே நின்று அழுதேன்.

மச்சாள் இப்போது மகளோடு கனடாவில் இருக்கிறார். ஞாயிறுதோறும் போன் எடுப்பார். ஹோலில் இந்தக் கிழமை என்ன என்பதுதான் முதல் கேள்வி. ஒரு கலியாணம், ஒரு பிறந்தநாள், சத்தமான பாட்டு, கோழிப் பிரியாணி என்று நான் அடுக்குவேன். எல்லாம் கேட்டுவிட்டும் வைக்கமாட்டார். "ஒருத்தரும் பாயோட வரேல்லை, மச்சாள்" என்று நான் சொன்ன பிறகுதான் வைப்பார்.