முப்பத்தெட்டாம் கல்லுக்கு மேலே

குடிநீர் அலுவலகத்தில் அவரை எல்லோரும் லைன்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். மலைமேல் ஊற்றிலிருந்து ஊரின் வடிகட்டும் நிலையம்வரை மண்ணுக்கடியில் வரும் குழாயை நடந்து பார்ப்பது அவர் வேலை. பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். இருநூறு மீட்டருக்கு ஒரு கல் நட்டு எண் எழுதியிருந்தார்கள். ஊருக்குள் இருப்பது ஒன்று, ஊற்றை ஒட்டி இருப்பது அறுபத்திரண்டு. ஒவ்வொரு கல்லருகிலும் குழாயின் வால்வுமேல் ஓர் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். தண்ணீர் சீராக ஓடினால் ஒரு சத்தம், எங்கேயாவது கசிந்தால் வேறொரு சத்தம். மனைவி நாலு தரம் கூப்பிட்டாலும் திரும்பாத அந்தக் காதில், மண்ணுக்கடியில் நூல் பிடித்தாற்போல் கசிவதுகூட விழுந்துவிடும். மலை பேசினால் கேட்கிறது, மனுஷி பேசினால் கேட்கவில்லை என்பது அந்த அம்மாளின் தீராத புகார்.

வாரத்தில் ஒருநாள் கீழ்ப்பாதி, ஒருநாள் மேல்பாதி. மேல்பாதிக்குப் போகும் நாளில் மனைவியின் தம்பி அலுவலக ஜீப்பில் முப்பதாம் கல்வரை கொண்டுபோய் விடுவான். அதற்கு மேல் வண்டி போகாது. மச்சினன் வண்டியிலேயே தூங்குவான். இவர் ஏறி இறங்கி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

முப்பதாம் கல்லிலிருந்து ஊசியிலை மரங்கள். முப்பத்தெட்டாம் கல்லோடு மரம் முடிந்துவிடும், கத்தரித்து விட்டாற்போல. அதற்கு மேல் ஊற்றுவரை வெறும் புல்வெளி. காரணம் உறைபனி. குளிர்காலத்தில் காலை பத்து மணிவரை புல்மேல் பனி உப்புத் தூவியதுபோல் கிடக்கும். விதை காற்றில் பறந்து வந்து விழுந்து முளைத்தாலும், அந்தப் பனியில் குருத்து கருகிப் போகும். புல் மட்டும் தாக்குப் பிடிக்கும். லைன்காரருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. வாராவாரம் போகிற மனிதருக்குக் கண் இருந்தால் போதும்.

முப்பத்தெட்டாம் கல்லை ஒட்டிய கடைசி மரத்தடியில்தான் அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார். அதற்கு மேல் நிழல் கிடையாது. வேலைக்குச் சேர்ந்து எட்டோ ஒன்பதோ வருஷம் ஆனபோது, ஒருநாள் சாப்பிட்டுவிட்டு ஏறுகையில் நாற்பத்தோராம் கல் பக்கம் ஒரு மரக்கன்றைப் பார்த்தார். முழங்கால் உயரம். எப்படியும் வருகிற குளிரில் போய்விடும் என்று நினைத்துக்கொண்டார். குளிர் வந்தது, போனது. கன்று போகவில்லை.

அவர் கையோடு ஒரு சோதனைப் புத்தகம் வைத்திருந்தார். கல்லுக்கு ஒரு வரி. தேதி, சத்தம், குறிப்பு என்று மூன்று கட்டம். குறிப்புக் கட்டத்தில் அவருக்கு முன்பிருந்தவர்கள் ‘சரி’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். இவர் அன்று, ‘41: மரக்கன்று, உயிரோடு’ என்று எழுதினார். அடுத்த மாதம் புத்தகத்தைப் பார்த்த அலுவலகக் கணக்கர், குறிப்பு என்றால் கதை எழுதும் இடமா என்று கேட்டார். கன்று குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது, வேர் குழாயைத் தூக்கும் என்றார் லைன்காரர். விதிப்படி குழாயோர மரங்களை வெட்டுவது முப்பத்தெட்டாம் கல்வரைக்கும்தான், அதற்கு மேல் வரைபடத்தில் புல்வெளி என்றுதான் போட்டிருக்கிறது என்று கணக்கர் புத்தகத்தை மூடினார். வரைபடம் இரண்டு தலைமுறைக்கு முன்னால் வரைந்தது. மலை அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. பிடிவாதம் என்று சொல்ல முடியாது. ஆரம்பித்ததை விட மனமில்லை, அவ்வளவுதான். உறைபனி இருந்த காலைகளைக் குறித்தார். ஒரு குளிர்காலத்தில் நாற்பதுக்குக் குறையாமல் இருந்தது, பத்து வருஷத்தில் பதினைந்துக்கு வந்துவிட்டது. ஐம்பத்திரண்டாம் கல்லில் ஐஸ்போலக் குளிர்ந்த ஒரு சுனைக்குட்டை உண்டு. அதில் கட்டைவிரல் அளவே இருக்கும் பழுப்புத் தவளைகள் கத்திக்கொண்டிருக்கும். ஒரு கோடையில் அங்கே சத்தமே இல்லை. செத்துத் தொலைந்தன என்று நினைத்தார். மறுவருஷம் ஐம்பத்தேழாம் கல்லில், அதற்கு முன்னால் அவை இல்லாத ஒரு கசிவுநீரில், அதே குரல் கேட்டது. அன்றைக்கு அவருக்கு வேலையே ஓடவில்லை. கம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கீழே வேறு கதை. முப்பதாம் கல் சுற்றுவட்டாரத்தில் வயதான மரங்கள் நின்றவாக்கில் பழுப்பாகின. பட்டையை உரித்தால் அரிசி அளவு வண்டுகள். முன்பெல்லாம் குளிரில் பாதி செத்துவிடும். இப்போது குளிரே பேருக்குத்தான், அவை வருஷத்துக்கு இரண்டு ஈடு பெருகின. காடு மேலே ஏறிக்கொண்டும் கீழே காய்ந்துகொண்டும் இருந்தது.

இதில் ஒன்றை அவர் கண்டுபிடிக்கவில்லை, மனைவி கண்டுபிடித்தாள். அவள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள், துணி விஷயத்தில் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மலைக்குப் போய்வந்த கால்சட்டையைத் துவைக்குமுன் அடிமடிப்பில் ஒட்டிய விதைகளை ஊசியால் ஒவ்வொன்றாக எடுப்பது அவள் வழக்கம். ஒருநாள் கால்சட்டையோடு வந்து எதிரே நின்றாள்.

“என்னங்க, இன்னைக்கு மலைக்குப் போனீங்களா, இல்ல ஊருக்குள்ளயே சுத்திட்டு வந்தீங்களா?”

“ஏன்?”

“இந்த ஒட்டுவிதை நம்ம தெருச் சாக்கடை ஓரத்துல மொளைக்கறது. மலையில ஏது?”

அவர் வாங்கிப் பார்த்தார். அவள் சொன்னது சரி. அடுத்த வாரம் தேடிக்கொண்டே போனபோது முப்பத்தைந்தாம் கல்லில் அந்தச் செடி புதராக நின்றது. ‘35: ஊர்ச்செடி வந்துவிட்டது, வீட்டில் சொன்னது’ என்று எழுதினார். கணக்கர் படித்துவிட்டு அலுவலகம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். மச்சினன் விடுவானா? “அத்தான், அக்காவையும் சம்பளத்துல சேத்துருவாங்க போல” என்று மூன்று மாதம் ஓட்டினான்.

நாற்பத்திநாலாம் கல் கதைக்கு வரவேண்டும்.

முப்பத்தெட்டுக்கு மேல் வெட்ட விதி இல்லையென்றால் என்ன, பிடுங்க விதி வேண்டியதில்லை என்று அவரே முடிவு செய்து, குழாய்க்குப் பக்கத்தில் முளைத்த கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். சின்னதாக இருக்கும்போது இரண்டு விரலுக்கு வேலை. ஒரு வருஷம் முந்நூறு பிடுங்கினார். மறுவருஷம் திரும்பவும் முந்நூறு. நாற்பத்திநாலாம் கல்லில் ஒன்று, குழாயின் மேலேயே, இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. அதைப் பிடுங்கக் குனிந்தபோது உச்சியில் ஒரு சிட்டு உட்கார்ந்திருந்தது. புல்வெளியில் அதுநாள்வரை அவர் பார்க்காத பறவை. காட்டுப் பறவை. இவரைக் கண்டு அது பறக்கவில்லை. இவரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தார். அடுத்த வாரமும் அப்படியே. மலையே ஒரு பக்கம் போக முடிவு செய்தால் ஒற்றை ஆள் என்ன செய்துவிட முடியும் என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது. மரம் வளர்ந்தது. புத்தகத்தில் அதன் உயரம் மட்டும் வருஷாவருஷம் ஏறிக்கொண்டே வந்தது.

நீண்ட வறட்சிக்குப் பின் பெருமழை அடித்த ஒரு விடியற்காலையில் ஊரில் குழாய்கள் காற்றைக் கக்கின. வறண்டு வெடித்த மண் மழையில் சரிந்திருந்தது. அந்த மரத்தின் வேர், மனிதன் கை கனத்தில், குழாயின் மூட்டுக்குக் கீழே புகுந்து அதைத் தூக்கிவிட்டிருந்தது. மூட்டு திறந்துகொண்டது. நாற்பத்திநாலாம் கல்லில் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது.

இரண்டு நாள் ஊருக்குத் தண்ணீர் இல்லை. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஆஸ்பத்திரிக்கு லாரியில் தண்ணீர் போயிற்று. லைன்காரரின் மகள் அந்த ஆஸ்பத்திரியில்தான் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். வீட்டுக்கு வந்து அவள் எதையும் குத்திக்காட்டவில்லை. பிரசவ வார்டில் வாளியை வரிசையில் வைத்து அளந்து ஊற்றினார்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

விசாரணைக்குப் புது இன்ஜினியர் வந்தார். முப்பது வயதிருக்கும் பெண், கையில் எப்போதும் பென்சில். லைனைச் சரியாகப் பார்க்கவில்லை என்று லைன்காரர் தலையில் கட்டி முடித்துவிடலாம் என்பது மேலதிகாரியின் எண்ணம். இன்ஜினியர் பழைய சோதனைப் புத்தகங்களைக் கேட்டார். சாமான் அறையில் தேடினார்கள். பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார். மூன்றாம் நாள் லைன்காரரைக் கூப்பிட்டு எதிரே நாற்காலி போட்டார்.

“இதையெல்லாம் எழுதச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லலை, மேடம்.”

“பத்து வருஷம் தேடினாலும் இப்படி ஒரு பதிவு எனக்குக் கிடைக்காது. மரம் எந்த வருஷம் எந்தக் கல்லுக்கு வந்ததுன்னு இருக்கு. அந்த நாற்பத்திநாலு மரத்தைப் பத்தி வருஷத்துக்கு ஒரு வரி எழுதியிருக்கீங்க. படிக்காதது ஆபீஸ் தப்பு. உங்க தப்பு இல்லைன்னு ரிப்போர்ட்ல எழுதப்போறேன்.”

தப்பித்தோம் என்று எழுந்து வந்திருக்கலாம். கணக்கர்கூட வாசலில் நின்று கண்ணால் சைகை காட்டினார். லைன்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை.

“பாதி தப்பு என்னோடது மேடம். அது சின்னதா இருந்தப்ப என்னால பிடுங்கியிருக்க முடியும். மத்ததெல்லாம் பிடுங்கினேன். அதை மட்டும் விட்டுட்டேன்.”

“ஏன் விட்டீங்க?”

“ஒரு குருவி உக்காந்திருந்துச்சு.”

இன்ஜினியர் பென்சிலைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. என்ன குருவி என்று கேட்டார். அவர் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்.

ரிப்போர்ட் இரண்டையும் சொன்னது. அலுவலகம் பதிவுகளைப் படிக்கவில்லை, வரைபடம் காலாவதியானது, லைன்காரர் ஒரு கன்றை அகற்றத் தவறினார். அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மனைவி அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, தையல் மெஷின் இழுப்பறையில் போட்டாள். பொய் சொல்லாமல் வாங்கிய கடிதம், கிடந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

அந்த மரத்தை லைன்காரரே வெட்டினார். வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார்கள், அவர் விடவில்லை. வெட்டியபின் இன்ஜினியர் குந்தி உட்கார்ந்து வளையங்களை எண்ணினார். பத்தொன்பது வந்தது. புத்தகத்தில் முதன்முதலாக எழுதிப் பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. நாலு வருஷம் அது அவர் காலடியிலேயே இருந்திருக்கிறது, அவர் கண்ணில் படாமல். கண் இருக்கிறது என்று அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச கர்வம் அன்று கரைந்தது.

அதன்பிறகு மூன்று மாதம் இருவரும் சேர்ந்து மலையை அளந்தார்கள். புது வரைபடத்தில் மரங்கள் முடியும் கோடு நாற்பத்தைந்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் வருஷமும் போட்டார்கள், இனி மாறும் என்பது தெரிய. வெட்டும் விதி ஊற்றுவரை நீண்டது. ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. குழாயின் இருபுறமும் ஐந்து மீட்டர் சுத்தமாக வெட்டவேண்டும் என்றார் இன்ஜினியர். புல்வெளி மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்து ஊற்றுக்கு விடும், மண்ணைக் கிளறினால் அதுவும் போகும், மூன்று மீட்டர் போதும் என்றார் இவர். வாரக்கணக்கில் வாதாடினார்கள். கடைசியில் இடத்துக்கு இடம் பார்த்து வெட்டுவது என்று ஆயிற்று. இருவருக்குமே அதில் முழுத் திருப்தி இல்லை.

ஊற்று அதற்குள் மெலிந்துவிட்டது. கோடையில் ஊருக்கு ஒன்றுவிட்டு ஒருநாள்தான் தண்ணீர். பள்ளத்தாக்கில் இரண்டாவதாக ஒரு கிணறு தோண்டினார்கள். லைன்காரர் ஓய்வு பெற்றபோது அவருடைய இடத்துக்கு இரண்டு பேரைப் போட்டார்கள். புதிய புத்தகத்தில் குறிப்புக் கட்டம் பக்கத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டது.

ஓய்வுக்குப் பிந்தைய கோடையில் மனைவி, இருபத்தெட்டு வருஷம் மலையைத் துவைத்தாயிற்று, ஒருதரம் பார்க்கவாவது வேண்டாமா என்றாள். மச்சினன் முப்பதாம் கல்வரை கொண்டுவிட்டான். அவர் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அவளுக்கு மூச்சு வாங்கியது. நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்து ஏறினார்கள். ஐம்பத்தேழாம் கல்லில் கசிவுநீர் வற்றியிருந்தது. அவர் மேலே நடந்தார். அறுபத்தோராம் கல்லில், பாறை இடுக்கில், தவளைக் குரல் கேட்டது. ஐந்தாறு இருக்கும்.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மேலே இருந்த மொட்டைப் பாறையைப் பார்த்தாள்.

“இன்னும் சூடானா இதுங்க எங்க போகும்?”

“மேல இடம் இல்லை.”

அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. அதைத் தவளைகள் இருந்த இடுக்கில் ஊற்றப்போனாள். வேண்டாம், அது வெயிலில் சூடாகியிருக்கும் என்று அவர் தடுத்தார். அவள் பாட்டிலை மூடிக் கைப்பையில் வைத்தாள். குரல் அடங்கித் திரும்ப ஆரம்பிக்கும்வரை இருவரும் பாறைமேல் உட்கார்ந்து இருந்தார்கள். இறங்க நாலு மணிநேரம் ஆயிற்று. மச்சினனைத் தட்டி எழுப்பவேண்டியிருந்தது.