சீனப் புத்தாண்டுக்கு மாமா வைத்த சாம்பார்

தைப்பேயில் ஒரு வருஷம் படிக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது, சீனப் புத்தாண்டு வந்தால் ஊரே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஹாஸ்டலில் மிஞ்சியது நானும், என்னைப் போலவே போக இடமில்லாத சில பேரும்தான். ஆளுக்கு ஒன்று சமைக்கலாம் என்றார்கள். நான் கொஞ்சமும் யோசிக்காமல் ரசம் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். புளியை ஊறப் போட்டுவிட்டு டெக்சஸுக்கு, அம்மாவுக்குப் போன் செய்தேன். அங்கே விடியற்காலை, தூங்கிக்கொண்டிருப்பாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போனை எடுக்காத இன்னொரு சீனப் புத்தாண்டு உண்டு. எனக்கு அப்போது ஒன்பது வயது. மாட்டிக்கொண்டது நானில்லை, மாமா.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. டெக்சஸில் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் எம்.எஸ். படிக்க வந்திருந்தார். மதுரையில் இருந்தவரை குடிக்கிற தண்ணீரைக்கூடத் தானாக மொண்டு குடித்தவர் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிளேனோவில் எங்கள் வீட்டுக்கு அழுக்குத் துணி மூட்டையோடு வருவார். ஞாயிற்றுக்கிழமை துவைத்து மடித்த துணியோடும், ஒரு வாரத்துச் சாப்பாட்டு டப்பாக்களோடும் போவார். சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் அம்மா ஃப்ரீசரில் உறைய வைத்து, எதில் என்ன என்று டேப் ஒட்டி எழுதியும் கொடுப்பாள். பெற்ற பெண் எனக்குக்கூட அந்த வீட்டில் அவ்வளவு உபசாரம் நடந்ததில்லை.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் மாமாவின் வாய்ச்சவடால் அடங்கிப் போயிருந்தது. முதல் செமஸ்டரில் ஒரு பாடம் ஊத்திக்கொண்டது. எனக்கு இந்தப் படிப்பு சரிப்பட்டு வராது, ஊருக்கே திரும்பிப் போய்விடலாம் என்று இருக்கிறேன் என்று அவர் அப்பாவிடம் சொல்வதை நான் பாலில் சீரியல் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். அப்பா என்னவோ சமாதானம் சொன்னார். அம்மா டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தாள்.

மாமாவோடு ஃபிளாட்டில் இருந்தவர்கள் இரண்டு சீன மாணவர்கள். அம்மா கொடுத்தனுப்பியதை மைக்ரோவேவில் சூடு பண்ணி அவர்களுக்கும் கொடுத்துவிட்டு, எல்லாம் நானே சமைத்தது என்று மாமா பீற்றியிருக்கிறார். அவர்களும் ஆஹா ஓஹோ என்று சாப்பிட்டிருக்கிறார்கள். படிப்பில்தான் பேர் போய்விட்டது, இதிலாவது ஒரு பேர் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அவர்களுடைய புத்தாண்டு வந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். ஊருக்குப் போக முடியாத மாணவர்கள் எல்லாம் அந்த ஃபிளாட்டில் கூடி, அவரவர் வீட்டுச் சமையலில் ஒன்றை அங்கேயே செய்வது என்று ஏற்பாடு. நீ சாம்பார் வை, நாங்களும் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்கிறோம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டார்கள். மாமா வசமாக மாட்டிக்கொண்டார்.

நேராக அம்மாவிடம் வந்து நின்றார். அவர்கள் கண்ணில் படாமல் முன்னாலேயே வந்து வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடச் சொன்னார். அம்மா முடியாது என்றாள்.

"மானம் போயிடும்க்கா. அங்க எனக்கு இருக்கிறது இந்த ஒரு மரியாதைதான். அதுவும் போச்சுன்னா நான் எப்படி அவங்க மூஞ்சில முழிப்பேன்?"

"ஊருக்குப் போறேன்னுதானே சொல்லிட்டிருக்க? அப்புறம் யார் மூஞ்சில முழிக்கணும்? இருக்கப் போறன்னா, நீயே வை."

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்புப் பக்கத்தில் அவரை நிற்க வைத்து ஒரே ஒரு தடவை சாம்பார் வைத்துக் காட்டினாள். மாமா போனில் வீடியோ எடுத்துக்கொண்டார். இவ்வளவு கல்நெஞ்சமா ஒரு அக்காவுக்கு என்று எனக்கு அம்மா மேல் கோபமான கோபம்.

விருந்து நாளன்று, பருப்பும் பொடியும் வாங்கிப் போக வந்த மாமாவைக் காரில் கொண்டுபோய் விட்டது அம்மாதான். சீனர்களின் கொழுக்கட்டையான டம்ப்ளிங் ஆசையில் நானும் தொற்றிக்கொண்டிருந்தேன். பார்க்கிங்கில் காரை நிறுத்தியவள், எனக்கு முக்கியமான போன் ஒன்று பேச வேண்டும், நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டாள். குளிர் காதை அறுத்தது. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாடியில் ஒரே கூட்டம். மேசை முழுக்க மாவு. ரூம்மேட்டுகளில் பெரியவரை நான் வழக்கப்படி அங்கிள் என்று கூப்பிட, அவர் பதறிப்போய்த் தன் முன்வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நாங்கள் சைவம் என்று எங்களுக்காக முட்டைக்கோஸும் டோஃபுவும் வைத்த டம்ப்ளிங் தனியாக மடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் மடித்தேன். என்னுடையவை எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

மாமாவுக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பருப்பு வெந்தது, புளி கொதித்தது, அதுவரை சரி. தாளிக்க எண்ணெயைக் காய வைத்தவர், வீடியோவைத் திரும்பப் பார்த்துக்கொண்டே நின்றதில் எண்ணெய் புகைந்துவிட்டது. கடுகையும் மிளகாயையும் போட்டாரோ இல்லையோ, நெடி ஏறி அத்தனை பேரும் இருமினோம். ஸ்மோக் அலாரம் வீல் என்று கத்த ஆரம்பித்தது. மாமாவுக்கு முகம் வெளுத்துப் போயிற்று. அந்த அங்கிள் அலட்டிக்கொள்ளவே இல்லை. டிராயரிலிருந்து குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை எடுத்து, நாற்காலி மேல் ஏறி, அலாரத்துக்கு மாட்டிவிட்டு, மறுபடியும் டம்ப்ளிங் மடிக்க உட்கார்ந்துவிட்டார். அவர்கள் சமையலிலும் இது வழக்கம்தான் போல.

மாமா கரண்டியில் எடுத்து ருசி பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. வெறும் புளித்தண்ணீர். என்னை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டுபோய் அம்மாவுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது.

"உங்கம்மா எடுக்க மாட்டேங்கறாடி."

நான் ஜன்னல் திரையை விலக்கினேன். கீழே பார்க்கிங் விளக்குக்கு அடியில் எங்கள் கார். உள்ளே அம்மா. அவள் கையில் போன் வெளிச்சமாக இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை.

மாமாவும் பார்த்தார். மணி ஓய்கிற வரை அப்படியே நின்றார். அப்புறம் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "சரி, ஆனது ஆகட்டும்" என்று அடுப்புக்குப் போனார். இன்னும் கொஞ்சம் பருப்பை வேக வைத்துக் கொட்டினார். பொடி போட்டார், உப்புப் போட்டார், உள்ளங்கையில் விட்டு நக்கினார், மறுபடி உப்புப் போட்டார். வீடியோவை அதற்கப்புறம் அவர் பார்க்கவே இல்லை.

சாம்பாரில் உப்பும் கொஞ்சம் தூக்கல், புளியும் கொஞ்சம் தூக்கல். சோற்றுக்குக் காத்திருக்காமல் எல்லோரும் டம்ப்ளிங்கை அதில் முக்கிச் சாப்பிட்டார்கள். அங்கிள் ஒரு கிண்ணம் காலி பண்ணிவிட்டு, இத்தனை நாள் சாப்பிட்டது இதைவிட நன்றாக இருந்தது, ஆனால் நீ சமைத்து நாங்கள் சாப்பிடுவது இன்றைக்குத்தான் என்று சொல்லி, ஃப்ரீசரைக் கை காட்டினார். டேப்பில் இருந்த எழுத்து மாமாவின் கோழிக்கிறுக்கல் இல்லை என்று அவர்களுக்கு முதல் வாரமே தெரியுமாம். எல்லோரும் சிரித்தார்கள். மாமா அசடு வழிந்தார். அப்புறம் அவரும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக. பெருங்காயத்தை எப்போது போட வேண்டும் என்று அவர்களுக்குப் பாடம் எடுக்கவும் ஆரம்பித்துவிட்டார். பழைய மாமா திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாமாவை அங்கேயே விட்டுவிட்டு நான் காரில் ஏறியதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சாப்பிட்டாங்களா?"

உப்பு ஜாஸ்தி, புளி ஜாஸ்தி, ஆனால் பாத்திரத்தில் ஒரு சொட்டு மிச்சமில்லை என்று நான் இங்கிலீஷில் ஒப்பித்தேன். அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜலதோஷம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கார் டிக்கியைத் திறந்து, துண்டு சுற்றிய பெரிய பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்தால் சாம்பார். இருபது பேருக்குக் காணும். சின்ன வெங்காய வாசனை வீடெல்லாம் நிறைந்தது. எனக்கு வந்ததே கோபம். மேலே மாமா உயிரை விட்டுக்கொண்டிருந்தார், இது முழுக்கக் கீழேயே இருந்திருக்கிறது, அம்மா கொடுக்க மறந்தே போய்விட்டாள் என்று அப்பாவிடம் கோள் சொன்னேன். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"ஆமா, மறந்துட்டேன்" என்றாள் அம்மா.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அந்தச் சாம்பார்தான். அலுத்துக்கொண்டே சாப்பிட்டேன். அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் கல்யாணச் சாப்பாடு மாதிரி ரசித்துச் சாப்பிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை மாமா வழக்கம்போலத் துணி மூட்டையோடுதான் வந்தார். திரும்பும்போது டப்பா கேட்கவில்லை, சாம்பார் பொடி மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஊருக்குப் போகிற பேச்சையும் அப்புறம் நான் கேட்கவில்லை. ஆனால் இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. எங்கள் அம்மா எவ்வளவு பெரிய மறதிக்காரி தெரியுமா என்று பள்ளிக்கூடத்தில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ரசம் நுரை கட்டிவிட்டது. ருசி பார்த்தேன். உப்புக் கொஞ்சம் தூக்கல்தான். கீழே கார் எதுவும் நிற்காது என்று தெரியும். இருந்தாலும் ஒரு தடவை ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் அடுப்பை அணைத்தேன்.