மாப்பிள்ளை அடிக்காத கோல்கள்

லெஃப்தெரிஸ் கிரேக்க நாட்டுக்காரன். ட்வெய்ட்டா என்ற வட ஐரோப்பிய நகர்ப்பகுதியில் ஒரு பேக்கரியில் பாண் போடுகிறவன். அங்கே பாண் வாங்க வந்த அனஸ்ரேசியாவை, அவள் சொன்ன பெயரை வைத்துத் தன் ஊர்க்காரி என்று எண்ணிக் கிரேக்கத்தில் கதைத்தான். அவளோ யாழ்ப்பாணத்துப் பெண். பேச்சு கலியாணத்தில் முடிந்தது. தாலி ஏறிய கையோடு அவளுடைய சித்தப்பா சோதிலிங்கம் மாப்பிள்ளையைப் பக்கத்துப் புருசெத்தில் இருந்த தன் தமிழ்க் காற்பந்துக் கழகத்தில் சேர்த்துவிட்டார்.

பந்து அவன் காலுக்கு வந்தால் வளர்த்த நாய் மாதிரிச் சொன்னபடி கேட்கும். ஆனால் கோல் மட்டும் அடிக்க மாட்டான். நாலு பேரை ஏமாற்றிப் போய், கோல் கம்பத்துக்கு முன்னால் சும்மா நிற்கும் சக ஆட்டக்காரன் கிருஷிகனின் காலடியில் பந்தை வைப்பான். கிருஷிகன் தட்டிவிட்டுக் கையைத் தூக்குவான். சமைத்தவளை விட்டுப் பரிமாறியவனைப் புகழ்கிற சனம் அல்லவா நாம்? கைதட்டலெல்லாம் கிருஷிகனுக்கே.

கோடைகாலப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்வது பிரதம விருந்தினரின் உரிமை. டொக்டரோ எஞ்சினியரோ வருவார், றோல்ஸ் கடிப்பார், கடைசியில் "கோல் அடிச்சது ஆர்?" என்று கேட்டு அவனுக்கே கிண்ணத்தைக் கொடுப்பார். ஏழு வருடம் இதே கதை. ஒருமுறையாவது மேடையில் தன் பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்று லெஃப்தெரிஸ் ஏங்கிப்போனான்.

2004இல் கிரேக்கம் ஐரோப்பியக் காற்பந்துக் கிண்ணத்தை வென்றது. புருசெத் தமிழருக்கு அவன் ஒரே நாளில் பெரிய மனிதனாகிவிட்டான்.

"இந்த முறை நீங்கள்தான் பிரதம விருந்தினர், மாப்பிளை" என்றார் சோதிலிங்கம்.

"அப்ப விளையாட்டு?"

"விருந்தினர் சேத்துக்கை உருளுறதே? மேடையிலை இருங்கோ."

கோட்டும் மாலையுமாக இருந்தான். இடைவேளையில் கழகம் இரண்டு கோல் பின்னால். சோதிலிங்கம் மேடைக்கு ஓடிவந்தார்.

"மாப்பிளை, கோட்டைக் கழட்டுங்கோ!"

மூன்று பந்து கொடுத்தான். மூன்றையும் கிருஷிகன் உள்ளே தள்ளினான். சனம் கிருஷிகனைத் தோளில் தூக்கியது.

லெஃப்தெரிஸ் சேற்றுக் காலோடு மேடையேறிக் கோட்டை மாட்டிக்கொண்டான். சோதிலிங்கம் கிண்ணத்தை நீட்டி, "கிருஷிகன் எண்டு சொல்லுங்கோ" என்று காதோடு சொன்னார்.

பிரதம விருந்தினர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "சிறந்த ஆட்டக்காரர்," மனைவி பழக்கிய தமிழில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார், "லெஃப்தெரிஸ்."

பிரதம விருந்தினர் சொன்னதை மறுக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. அதிலும் அவர் மாப்பிள்ளை. கொடுத்தவரும் அவரே, இரண்டு கையாலும் வாங்கியவரும் அவரே.

முதலில் கைதட்டியவன் கிருஷிகன். அந்த மூன்று கோலுக்கும் தான் ஓர் அடிகூட ஓடவில்லை என்பது அவனுக்குத்தானே தெரியும்.