மூணுரோட்டுக் கடை தனலட்சுமி அம்மாள்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். கள்ளக்குறிச்சியில் மகள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. தனலட்சுமி அம்மாளின் மகள் செல்வி பேசினாள்.

"அக்கா, அம்மா போயிட்டாங்க. நாலு மணிக்கு எடுக்கறோம். நீ வந்துடு. யாரு இன்னா சொன்னாலும் வந்துடு."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் ஏன் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். கீரையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கச்சிராயப்பாளையத்தைத் தாண்டிக் கல்வராயன் மலைக்கு ஏறும் வழியில், மூன்று சாலைகள் கூடும் இடத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர் தனலட்சுமி அம்மாள். நைனார்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவர். நான் காலனிக்காரி. பால்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

கடையைத் தொடங்கியவர் அவருடைய கணவர். முதலில் சைக்கிளில் உப்பும் கருவாடும் கட்டிக்கொண்டு மலையடிவாரம் வரை போய் விற்றார். பிறகு மூணுரோட்டில் ஒரு கூரை போட்டார். லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து அவருக்குக் கால் போனது. அதன் பிறகு கல்லாவில் உட்கார்ந்தவர் அம்மாள்தான். உப்பு, மண்ணெண்ணெய், சிலேட்டு, வளையல், தலைவலி மாத்திரை, மண்வெட்டிக் காம்பு என்று அந்தக் கடையில் எல்லாமே கிடைத்தது. மலைக்காரர்கள் புளியும் தேனும் சாமையும் கொண்டுவந்து போட்டுவிட்டு, வேண்டியதை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்தக் கடையின் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. காலனி ஆட்கள் அங்கே நின்றுதான் வாங்க வேண்டும். யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். கல்லாவில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அம்மாள் மண்ணெண்ணெய் டிரம்மை உருட்டிக்கொண்டுபோய் அந்த ஜன்னலை மறைத்து நிறுத்தினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்.

"இன்னாம்மா இது? அவங்க எங்க நின்னு வாங்குவாங்க?"

"நீங்க நிக்கிற எடத்துலதான்."

டிரம் அங்கேயே இருந்தது. நாங்கள் முன்பக்கமாக வந்தோம்.

பிறகு அம்மாளின் சாதிக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள். சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டார்கள். கள்ளக்குறிச்சிக்குப் பஸ் இல்லை, லாரி இல்லை. அம்மாளின் தம்பி அந்தப் போராட்டத்தில் கைதாகிச் சிறைக்குப் போனார். அதில் அம்மாளுக்கு வருத்தமில்லை, பெருமைதான். ஆனால் எங்கள் ஊரில் சிலருக்கு அரசாங்கத்தின் மேல் இருந்த கோபம், தங்களோடு சேர்ந்து மறியலுக்கு வரவில்லை என்று காலனியின் மேல் திரும்பியது. காலனிக்கு வேலை இல்லை, தண்ணீர் இல்லை, கடைச் சாமான் இல்லை என்று முடிவு செய்தார்கள்.

என் அக்காவுக்குக் குழந்தை பிறந்து ஐந்தாம் நாள். சுக்கும் பூண்டும் பனைவெல்லமும் வேண்டியிருந்தது. பட்டப்பகலில் கடைக்குப் போனேன். பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அம்மாளின் சொந்தக் கொழுந்தனார், ஏழுமலை. அம்மாள் பூண்டை எடுத்துத் தட்டில் போட்டதும் அவர் எழுந்தார்.

"அண்ணி, காலனிக்கு எதுவும் குடுக்கக் கூடாதுன்னு ஊர்ல பேசி முடிச்சாச்சு."

"எங்கிட்ட யாரும் பேசலியே."

"இப்ப பேசறோம் இல்ல?"

"இப்ப வியாபாரம் பாத்துக்கினு இருக்கேன். தள்ளு."

அவர் நகரவில்லை. அம்மாள் தராசைக் கீழே வைத்தார்.

"எந்தம்பி ஜெயில்ல கெடக்கறான். துணி மடிச்சிக் குடுத்து அனுப்புனவ நானு. எங்க புள்ளைங்களுக்கும் ஒரு எடம் குடுன்னு கவருமெண்டத்தான் கேக்கறோம். இவகிட்டயா கேக்கறோம்? இவ அக்கா பூண்டு துன்னா ஒனக்கு வர்ற வேலை கம்மியாயிடுமா?"

பிறகு என் பக்கம் திரும்பி, ஒன்றுமே நடக்காததுபோல, "கொழந்த நல்லா பால் குடிக்குதா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை அவர்கள் வந்தார்கள். கடையின் முன்பந்தலைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். உப்பு மூட்டைகளைச் சேற்றில் இழுத்துப் போட்டு, மேலே மண்ணெண்ணெயைக் கவிழ்த்தார்கள். நான் சாலைக்கு எதிர்ப்புறம், பால்வாடி வாசலில் நின்று பார்த்தேன். முதல் மூட்டையை இழுத்தவர் ஏழுமலை. நடக்க முடியாத கணவரைத் தோளில் சாய்த்து வெளியே கொண்டுவந்து உட்காரவைத்த அம்மாள், எரியாமல் மிஞ்சியதைப் பொறுக்கி அடுக்கினார். மதியம் கடை திறந்திருந்தது.

அடுத்ததாக அவர் கடைக்கும் தடை போட்டார்கள். ஊர்க்காரர் யாரும் அங்கே வாங்கக் கூடாது. காலனியும் பயந்து ஒதுங்கியதால் மூன்று நாட்கள் ஈ காக்கைகூட வரவில்லை. நான்காம் நாள் மலையிலிருந்து ஆறேழு பேர் தலைச்சுமையோடு இறங்கி வந்தார்கள். சாமை, வரகு, புளி, தேன். அவர்கள் வரும் ஒற்றையடிப் பாதையில் யாரும் மரம் வெட்டிப் போடவில்லை. லாரி வராததால் மற்ற கடைகளெல்லாம் காலியாகிக் கிடந்தன. மூணுரோட்டுக் கடையில் மட்டும்தான் சரக்கு.

தடை போட்டவர்களின் வீட்டுப் பெண்கள் முறத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் வந்து நின்றார்கள். அம்மாள் உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

"முன்னாடி வாங்க. எங்கடைக்குப் பின்னாடி வழி கெடையாது."

வந்தார்கள். காலனிப் பெண்களோடு ஒரே வரிசையில் நின்று சாமை வாங்கிப் போனார்கள். அவர்களை அம்மாள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை.

ஆனால் எரித்தவர்களை விடவும் இல்லை. பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாளே போய்ப் புகார் கொடுத்தார். கொழுந்தனார் பெயரை முதலில் எழுதச் சொன்னார். உறவினர்கள் வந்து, "நீ ஊருல இருக்கணுமா வேணாமா?" என்று கேட்டார்கள்.

"இருக்கத்தான் கேஸ் குடுத்துக்கீறேன். ஓடிப்போறவ எதுக்குக் குடுக்கப் போறா?"

அந்த வழக்கில் நான் சாட்சி. விசாரணைக்கு முந்தின நாள் என் அப்பா என் எதிரில் கைகூப்பி நின்றார். "போவாதம்மா. நாளைக்கு யாரு நெலத்துல நான் எறங்கறது?" நான் போகவில்லை. சாட்சி இல்லாமல் வழக்கு விழுந்தது.

ஒரு வாரம் கடைப் பக்கமே தலைகாட்டவில்லை. அம்மாளே பால்வாடிக்கு வந்தார்.

"நீ வரல. எனக்கு ஒம்மேல கோவம் ஜாஸ்திதான். அது இருக்கட்டும். அதுக்காவ கடைக்கு வராம இருந்துடாத."

மன்னித்துவிட்டேன் என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதனால் இப்போது எழுத்தில் சொல்கிறேன்: நான் பார்த்தேன். பட்டப்பகலில், இருபது அடி தூரத்தில், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

காலம் ஓடியது. தம்பி விடுதலையாகி வந்தார். பல வருடம் கழித்து அவர் மகளுக்கு இடஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்தபோது, அம்மாள் ஒரு தூக்கு நிறையக் கல்கண்டோடு காலனிக்கு வந்து வீடு வீடாகக் கொடுத்தார். "கேட்டது கெடச்சுது பாரு" என்று சிரித்தார். கால் தள்ளாடும்வரை கடையில் உட்கார்ந்தார். அதன் பிறகு மகள் செல்வி பார்த்துக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது தெரு நிறையக் கூட்டம். காலனிப் பெண்கள் மாலையோடு தெருமுனையில் நின்றிருந்தார்கள். உறவுக்காரர் ஒருவர் கையை நீட்டி வழி மறித்தார்.

"இங்கியே நின்னு கும்புட்டுக்கினு போங்க. உள்ள சடங்கு நடக்குது."

எனக்கு வயது அறுபது தாண்டிவிட்டது. நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"இந்தம்மா விஷயத்துல ஒரு தடவ ஒதுங்கிட்டேன். இன்னொரு தடவ ஒதுங்க மாட்டேன். கைய எடுங்க."

உள்ளேயிருந்து செல்வி ஓடிவந்தாள். என் கையைப் பிடித்து அழைத்துப்போய், வாய்க்கரிசித் தட்டை என் முன்னால் நீட்டினாள். ரத்த உறவுகள் போடுகிற அரிசி அது. ஒரு கை அள்ளினேன். அம்மாளின் முகம் அப்போதும் யாரிடமோ வாதாடி முடித்ததுபோலத்தான் இருந்தது.

போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் காலனிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். எடுக்க நேரமாகிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள். ஒருத்தியும் நகரவில்லை.

நிம்மதியாகப் போங்கள், அம்மா. இங்கே நாங்கள் நிற்கிறோம்.