காதோரத்துச் சாக்பீஸ்

“இந்தத் துறைமுகத்துல நான் நிமித்தாத வளைசல்னு ஒண்ணு கெடையாதுலே. கடலுக்கே கூனு விழுந்தாலும் எங்கிட்டதான் வரணும்.”

இப்படி அறிவித்துவிட்டு, சுடலைக்கண்ணன் கன்டெய்னரின் விலாவில் காதை வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். எங்கே வலிக்கிறது என்று தகரமே சொல்லுமாம். சில நாள் அது வாய் திறப்பதற்குள் வைத்தியர் உறங்கிவிடுவதும் உண்டு.

தூத்துக்குடியில், உப்பளங்களை ஒட்டிய யார்டு அது. கப்பலில் இடிபட்டு வரும் பெட்டிகளை ஜாக்கி கொடுத்து, சூடேற்றி, தட்டி நிமிர்த்துவார். நிமிராது என்றால் அந்த இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட வேண்டும். வெட்டியெடுத்து வேறு தகடு வைப்பார்கள். இது யார்டின் சட்டம். சுடலைக்கண்ணனின் சட்டம் வேறு.

“வெட்டி ஒட்டுறது தையக்காரன் சோலிவே.”

ஆகவே அவர் காதில் செருகிய சாக்பீஸ் ஒரு குறியும் போட்டதில்லை. மகள் ஐஸ்வர்யா வந்தால், பெட்டியின் மேல் அவளுக்கு மீன் வரைந்து காட்டத்தான் அது கீழே இறங்கும்.

அந்த ஐஸ்வர்யாவுக்குத்தான் முகம் வீங்கியது, கால் வீங்கியது, சிறுநீர் நுரைத்தது. மாத்திரைக்கு எதுவும் மசியவில்லை. மருத்துவர் அம்மா பொறுமையாக விளக்கினார். சிறுநீரகத்தின் வடிகட்டியில் ஒரு புரதம் காவல் நிற்க வேண்டும். அதைச் செய்யும் முறையைச் சொல்லும் மரபணுவில், தந்தையிடம் ஒரு பிரதி பழுது, தாய் முருகேஸ்வரியிடம் ஒரு பிரதி பழுது. ஆளுக்கொரு நல்ல பிரதி மிச்சமிருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள். பிள்ளைக்கு வந்து சேர்ந்தவை இரண்டுமே பழுது. அதனால் புரதம் கோணலாக மடிகிறது. கோணலானதை செல் வெளியே விடாமல் உள்ளேயே நிறுத்திவிடுகிறது. காவலில்லாத வடிகட்டி வழியாக உடம்பின் சத்து ஒழுகுகிறது.

சுடலைக்கண்ணனின் முகம் மலர்ந்தது. வளைசல்! நம் இலாகா அல்லவா?

“உள்ள போயி நிமித்திரலாமே டாக்டரு?”

“அதுக்கு எங்ககிட்ட கருவி இல்லைங்க. ரெண்டு சிறுநீரகமும் ஓய்ஞ்சுக்கிட்டு வருது. மாத்தணும். சோதிச்சுப் பார்த்ததுல உங்களோடது பொருந்துது. நீங்க சரின்னு சொன்னாப் போதும்.”

“மாத்துறதா? கொஞ்சம் பொறுங்க. நான் பாக்கேன்.”

பார்த்தார். உப்பளத்து வெள்ளையில் கண் கூசும் பகலெல்லாம் நின்றபடியே மகளின் செல்லுக்குள் இறங்கினார். அங்கேயும் ஒரு யார்டு. பாசி நிறத்து வெளிச்சம். கோணல் பெட்டிகள் சத்தமில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. சுத்தியலை ஓங்கினால் அது பஞ்சாகி நழுவியது.

“அண்ணாச்சி, தகரத்த விட்டுட்டுக் காத்த அடிக்கிய” என்று உலுக்கினான் கூட வேலை செய்யும் செபாஸ்டின்.

“ரொம்பப் பொடி வளைசலுலே. கைக்குச் சிக்க மாட்டேங்கு.”

உள்ளே கண்ட பெட்டிகளைப் பற்றி மகளிடமும் சொல்லியிருந்தார். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் ஐஸ்வர்யா அவர் தோளில் சாய்ந்திருந்தாள். இமை வீங்கிக் கண் கீற்றாகத் தெரிந்தது.

“யப்பா, எனக்குள்ள இருக்க பெட்டியெல்லாம் நிமிந்துட்டா?”

மருத்துவர் அம்மாவும் அவரையே பார்த்தார்.

சுடலைக்கண்ணன் மகளின் விலாவில் காதை வைத்தார். கண்களை மூடி, வெகுநேரம் கேட்டார். இம்முறை உறங்கவில்லை. பிறகு சாக்பீஸை எடுத்து, தன் சட்டையில் இடது விலாவுக்குக் கீழே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.