சிவப்புப் பொட்டு வைத்த கற்கள்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கும் ஏதோ ஒரு பள்ளத்தாக்கின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, அதில் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த கொரியப் பெண் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன். அவள் திரும்பாமலேயே, அங்கே கால்கள் மட்டும் நடக்கின்றன என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எட்டிப் பார்த்தேன். உண்மைதான். திராட்சைப் பந்தலில் கொடி தாழ்ந்து தொங்கிய இடத்தில் ஆட்களின் தலை மறைந்துவிட்டது. சேலையும் காலும் மட்டும் இங்கிருந்து அங்கே போய்க்கொண்டிருந்தன.

அது யாருடைய தோட்டம் என்று கேட்டாள். வகுப்பைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று வருஷமாக அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள். சரி, எனக்குத் தெரியுமா? பக்கத்து ஊரான உத்தமபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்கும் தெரியவில்லை.

அந்த நொடியில்தான் யோசனை வந்தது. இங்கிலாந்து ஆறு எந்தப் பக்கம் ஓடினால் நமக்கென்ன? பள்ளிக்கூட வாசலிலிருந்து வாய்க்கால் வரைக்கும் உள்ளதை இந்தப் பிள்ளைகளே அளந்து ஒரு வரைபடம் போடட்டும். அன்றைக்குச் சாயங்காலமே அளவு நாடாவையும் திசைகாட்டியையும் தேடி எடுத்து வைத்துவிட்டேன்.

புவியியலில் எம்.ஏ., கையோடு பி.எட்., முதல் வேலை. அந்த வேகம் இருந்தது. ஆனால் அந்தப் பள்ளியைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். போர்டில் சர்வதேசப் பள்ளி என்று இருந்தாலும் ஊருக்குள் அதற்குப் பெயர் பாரின் ஸ்கூல். குமுளி மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களின் பிள்ளைகள், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், கம்பத்து வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள், கொரியாவிலிருந்து வந்த சிலர் என்று எல்லோரும் அங்கேயே தங்கிப் படித்தார்கள். காலையில் இட்லியும் இருக்கும், ரொட்டியும் ஜாமும் இருக்கும். மணி அடிக்க மாட்டார்கள். பிள்ளைகள் எங்களிடம் கேள்வி கேட்பார்கள், நாங்கள் தெரியாது என்று சொல்லலாம். எனக்கு அது சொர்க்கமாக இருந்தது.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் அத்தாவுக்கு அப்படி இல்லை. "ரேங்க் கிடையாது, பிரம்பு கிடையாது, பரீட்சை எப்பன்னு பிள்ளைகளுக்கே தெரியாது. பெறகு எதுக்கும்மா இம்புட்டு ஒசரமா காம்பவுண்டு கட்டியிருக்காக?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். டவுன் பஸ்ஸில் போகும்போதும் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் இதையேதான் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது? நாளைக்கு ஓட்டலாக மாற்றப் போகிறார்களாமே? இன்னும் நிலம் வாங்குகிறார்களாமே? பாடம் நடக்கிறது என்று நான் சொன்னால், இவள் எதையோ மறைக்கிறாள் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்கள்.

அந்த வாரமே பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். பள்ளியின் மதில் ஓரமாக ஒரு மண்பாதை போகும். அதன் கடைசியில்தான் நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்த தோட்டம். மற்ற மூன்று பக்கமும் அடுத்தவர் நிலம், வாய்க்கால். அறுவடைக் காலத்தில் திராட்சைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகிற குட்டியானை வண்டி அந்த ஒரு பாதையில்தான் வர முடியும். அந்தப் பாதை இல்லையென்றால் பழம் பந்தலிலேயே அழுக வேண்டியதுதான். இதை நான் அன்றைக்குக் கவனித்தேன். பிள்ளைகளிடம்கூட, பாருங்கள், ஒரு பாதைதான் ஒரு தோட்டத்தை உயிரோடு வைத்திருக்கிறது என்று பெருமையாகப் பாடம் எடுத்தேன்.

ஒவ்வொரு திருப்பத்திலும் எந்த இடத்திலிருந்து அளந்தோம் என்று அடையாளம் வேண்டும். பிள்ளைகள் ஓவிய அறையிலிருந்து சிவப்பு பெயிண்ட் கொண்டு வந்திருந்தார்கள். பாதையோரம் கிடந்த கற்களில் பெரிய பெரிய பொட்டாக வைத்துக்கொண்டே போனோம். கோழிக்கோட்டிலிருந்து வந்த பெண்ணுக்குப் பெயிண்ட் டப்பாவை யார் கையிலும் கொடுக்க மனசே இல்லை.

தோட்டத்துக்காரி பந்தல் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். கொடிக்கு மயில்துத்த மருந்து தெளித்துக்கொண்டிருந்ததால் கையெல்லாம் நீலம். காலடியில் செவலை நிறத்தில், மூஞ்சி மட்டும் கறுத்த கோம்பை நாய் ஒன்று. பிள்ளைகள் கையாட்டினார்கள். அவர் ஆட்டவில்லை. கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் விடுதியிலிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நாங்கள் பொட்டு வைத்த கற்கள் அத்தனையும் பள்ளிக்கூடத்துக்குள் இருந்தன. அலுவலகக் கட்டடத்தைச் சுற்றி, பூச்செடிகளுக்கு நடுவில், பொட்டு மேலே தெரிகிற மாதிரி, வரிசை பிசகாமல் வைக்கப்பட்டிருந்தன. கோழிக்கோட்டுப் பெண் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, "மிஸ், நம்ம ஸ்கூலை யாரோ அளந்துட்டுப் போயிருக்காங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அலுவலக மேலாளருக்கு வரவில்லை. அவர் மதுரையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். முதலில் காவலாளியைக் கூப்பிட்டார். காவலாளி உள்ளூர்க்காரர். எதுவுமே கேட்கவில்லை என்றார். நம் பள்ளிக் காவல் நாய்கூடவா குரைக்கவில்லை என்று கேட்டார் மேலாளர்.

"கொரைக்கலைங்க சார். தெரிஞ்ச ஆளுகன்னா அது கொரைக்காது" என்ற காவலாளி, சொன்ன பிறகுதான் யோசித்தவர் போலத் தலையைச் சொறிந்துகொண்டு தரையைப் பார்த்தார்.

அன்று முழுவதும் பள்ளியில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். சமையல்காரர்கள் காவலாளியை, காவலாளி தோட்டவேலை ஆட்களை, ஆசிரியர்கள் என்னை. எதற்கு வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விடுகிறாய் என்கிற மாதிரிதான் ஓய்வறையில் என்னைப் பார்த்தார்கள். மத்தியானம் மேலாளர் என்னை அழைத்தார். போலீஸில் சொல்லப் போவதாகக் கோபமாகத்தான் ஆரம்பித்தார். அளந்து வந்த சாயங்காலமே பிள்ளைகள் வரைந்திருந்த படத்தைக் கொண்டு வரச் சொன்னார். கொண்டுபோய் மேஜையில் விரித்தேன்.

படத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. நன்றாக வரைந்திருக்கிறார்களே என்றார். வாய்க்காலைப் பார்க்கவில்லை, பந்தலுக்குப் பிள்ளைகள் அழகாகப் போட்டிருந்த பச்சைக் கட்டங்களையும் பார்க்கவில்லை. விரல் நேராக மதிலோரப் பாதைக்குப் போய் அங்கேயே நின்றது.

"மிஸ், இதுல என்ன, பொதுவழின்னு எழுதியிருக்கு?"

பிள்ளைகள் பார்த்ததை எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

"சின்னப் பிள்ளைங்கதானே. ஸ்கூல் ரோடுன்னு மாத்தச் சொல்லுங்க. பார்க்கவும் நல்லா இருக்கும். பிரேம் போட்டு வரவேற்பறையில மாட்டிடலாம். எனக்கும் ஒரு காப்பி குடுங்க."

போலீஸ் பேச்சு அதோடு நின்றுவிட்டது. இத்தனை சீக்கிரம் ஒரு மனுஷருக்குக் கோபம் ஆறுமா என்றுதான் எனக்குத் தோன்றியது. படத்தில் இன்னும் வண்ணம் பூச வேண்டும் என்று சொல்லிச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமலும் கேட்டிருக்கலாம். வரவேற்பறைச் சுவர் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் விரல் நின்ற இடம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக எனக்கும் அந்த மதில் கொஞ்சம் அதிக உயரமாகத்தான் தெரிந்தது.

பள்ளி விட்டதும் தோட்டத்துக்குப் போனேன். கோம்பை நாய் எழுந்து வந்து வழியை மறித்து நின்றது. குரைக்கவில்லை. அது குரைத்திருந்தால் தேவலை.

"வாங்க டீச்சரம்மா. கல்லு பத்திரமா வந்து சேந்துச்சா?" என்றார் அந்த அம்மா, பந்தல் கல்தூணில் சாய்ந்துகொண்டு.

வந்து சேர்ந்தது அக்கா என்றேன். ஒன்றுகூடக் குறையவில்லை, வரிசைகூட மாறவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டோரம் அசைந்தது. பிள்ளைகளின் படிப்புக்காகத்தான் அளந்தோம், வேறு ஒன்றும் இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். வரைபடம், திசை, அளவுகோல் என்று நான் வேகமாகச் சொல்லிக்கொண்டே போக, அவர் கை நீலத்தை ஒரு கந்தலில் துடைத்துக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் சொன்னார்:

"மெயின்ரோட்டுல எங்க அண்ணன் டீக்கடை இருக்குல்ல, அங்கனயும் இப்படித்தான் ஆத்தா. மொதல்ல வந்து சுவத்துல செவப்பு பெயிண்டு வச்சாக. சும்மா அடையாளத்துக்குன்னாக. பெறகு நாடா பிடிச்சாக. பெறகு மிஷின் வந்துச்சு. இப்ப அந்தக் கடைக்கு முன்னாடி பாதி கெடையாது. பெயிண்டு வைக்க வந்தவுகளும் உங்கள மாதிரி சிரிச்ச மொகமாத்தான் வந்தாக."

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க ரோட்டை அகலப்படுத்திய வருஷங்களில் அந்தச் சிவப்புப் பொட்டை நானும் பஸ்ஸிலிருந்து எத்தனை சுவர்களில் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு அது ஓவிய அறை பெயிண்ட். இங்கே அதைப் பார்த்தால் அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. பிள்ளைக வரைஞ்ச படத்த உங்க ஆபீசுல கேட்டாகளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பாடம் தப்பித்துவிடும், வேலையும் தப்பித்துவிடும். அடுத்த மாதம் பழம் எடுக்கப் போகிறார். காய்கள் பந்தலில் நிறம் மாற ஆரம்பித்திருந்தன. என் தலைக்கு மேலேயே ஒரு கொத்து தொங்கிக்கொண்டிருந்தது.

"கேட்டாக அக்கா. பாதைக்குப் பேர மாத்தி எழுதவும் சொன்னாக. நான் இன்னும் குடுக்கல."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. கற்களை எடுத்து வந்து போட்டதற்குக்கூட நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சேர்த்து யோசித்தார் போல. பிறகு, பிள்ளைகள் படிக்க வேண்டாம் என்று தான் சொல்லவில்லை என்றார். அளக்கட்டும், ஆனால் இங்கிருந்து ஆரம்பிக்கக் கூடாது. பள்ளிக்கூடத்து ஆபீஸ் படியிலிருந்து ஆரம்பித்து, மதில் எங்கே நிற்கிறது, பாதை எங்கே இருக்கிறது என்று அளந்துகொண்டு தன் கிணறு வரைக்கும் வரட்டும். படத்தின் ஒரு நகலைத் தன் அண்ணனின் டீக்கடைச் சுவரில் ஒட்ட வேண்டும், பத்துப் பேர் பார்க்கிற இடத்தில். வரவேற்பறையில் மாட்டுவதைப் பற்றித் தனக்குக் கவலை இல்லை.

"நாடாவுல ஒரு முனைய உங்க பிள்ளைக பிடிக்கட்டும். மறுமுனை ஏங் கையில இருக்கும்" என்றார்.

என்னை நம்பிவிட்டாரா என்று கேட்டால், இல்லை. கிளம்பும்போது ஒரு சாக்கில் சுண்ணாம்பு கட்டிக் கொடுத்தார். மயில்துத்தத்தோடு கலந்து மருந்தடிக்க வாங்கி வைத்தது. பெயிண்ட் வேண்டாம், இதில் கோடு போடுங்கள், ஒரு மழை பெய்தால் போய்விடும் என்றார். நாய் மதில் முடிகிற இடம் வரைக்கும் என் பின்னாலேயே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது.

மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேலாளரின் விரலைத் தவிர. கோழிக்கோட்டுப் பெண், நம்மைக் கண்டு அவர்களுக்கு என்ன பயம் என்று கேட்டாள். கொரியப் பெண்தான் பதில் சொன்னாள்: நாம் அவர்களைப் படம் வரைந்தோம், நம்மை யாரும் வரையவில்லையே. அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யார் நாடா பிடிப்பது, யார் கோடு போடுவது, மதிலின் கனத்தை எப்படி அளப்பது என்று அந்த வகுப்பு முழுவதும் அதிலேயே போனது. மேலாளரிடம் போய், சனிக்கிழமை மறுபடி அளக்கப் போகிறோம், இந்தத் தடவை பள்ளிக்குள்ளிருந்தே ஆரம்பிக்கிறோம் என்றேன். எதற்கு என்றார். முதல் படத்தில் நம் பள்ளியே இல்லையே சார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று இன்னும் தெரியவில்லை.

அத்தாவிடம் சொன்னபோது, வேலை போனால் ஏலக்காய்க் கடையில் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை காலையில் ஆரம்பிக்கிறோம். நாடாவின் ஒரு முனை கொரியப் பெண்ணிடம், அலுவலகப் படியில். மறுமுனையைப் பிடித்துக்கொள்ளத் தோட்டத்துக்காரி வாசலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சுண்ணாம்பு மூட்டை என் மேஜைக்கு அடியில் இருக்கிறது. கேட்டைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று காவலாளியிடம் கேட்டேன். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரும் நழுவிவிட்டார். பூட்டியிருந்தால் திரும்பி வரப் போவதில்லை. கம்பிக்கு அடியில் நாடாவை நீட்டுவோம். பூட்டிய கேட்டையும் படத்தில் வரைந்துகொள்வோம்.